எட்கார் கோட்

எட்கார் ஃபிராங்க் கோட் (ஆகஸ்ட் 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து, பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய கணினியியல் அறிஞர் ஆவார். டெட் கோட் என்ற பெயராலும் இவர் அறியப்படுகிறார். தரவுத்தளங்களுக்கான உறவுநிலை மாதிரியை உருவாக்கியவர் இவரே. இப்பணிக்காக 1981 ஆம் ஆண்டின் டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

தரவுகளை அட்டவணைகளாகச் சேமித்து எஸ்.கியூ.எல் மொழியில் வினவும் மென்பொருள்கள் அனைத்தும் இவரது 1970 ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையின் வழி வந்தவை. எனினும் அம்மொழி, இவர் வகுத்த கோட்பாட்டிலிருந்து பல முக்கிய இடங்களில் விலகுகிறது. அவ்விலகல்கள் விளைவிக்கும் பிழைகளைச் சுட்டிக்காட்டுவதில் இவர் தமது பிற்கால வாழ்வில் பெரிதும் ஈடுபட்டார்.

இளமையும் கல்வியும்

கோட் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்த போர்ட்லாந்து என்னும் இடத்தில் பிறந்தார். பெற்றோருக்கு ஏழு பிள்ளைகள்; இவரே கடைசிப் பிள்ளை. தந்தை தோல் பொருள் உற்பத்தித் தொழிலில் இருந்தவர்; தாய் பள்ளி ஆசிரியை. பூல் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த பின், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்சிட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையின் கடலோரப் பிரிவில் விமானியாகப் பணியாற்றினார்.

தொடக்கப் பணிகள்

1948 இல் நியூ யோர்க் சென்ற இவர், ஐ.பி.எம் நிறுவனத்தில் கணித நிரலாளராகச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் தொடக்ககாலக் கணினிகளுக்கு நிரல்கள் எழுதினார். 1953 இல், செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி நடத்திய பொதுவுடைமையர் வேட்டையில் மனம் வெறுத்து அமெரிக்காவை விட்டு வெளியேறி, கனடாவின் ஒட்டாவா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். மீண்டும் ஐ.பி.எம் திரும்பியபின், ஸ்ட்ரெட்ச் என்னும் பெருங்கணினியில் பல நிரல்களை ஒரே காலத்தில் இயக்கும் முறையை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டு 1965 இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத்தானே படியெடுக்கும் கண்ணறைத் தன்னியங்கிகள் பற்றியது இவரது ஆய்வு. ஜான் ஃபான் நியூமன் 29 நிலைகளைக் கொண்டு அமைத்த தன்னியங்கியை, 8 நிலைகளைக் கொண்டே அமைக்கலாம் என இவர் காட்டினார். இவ்வாய்வு 1968 இல் நூலாக வெளிவந்தது. சிக்கலான ஒன்றைக் குறைந்த கருவிகளைக் கொண்டு அமைத்துக் காட்டும் இவரது போக்கு இங்கேயே தெரிகிறது. இதன் பின்னர் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலுள்ள ஐ.பி.எம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

உறவுநிலை மாதிரி

1960களில் பெருந்தரவுகள் இருவகை அமைப்புகளில் சேமிக்கப்பட்டன. ஐ.பி.எம்மின் ஐ.எம்.எஸ் மென்பொருள் தரவுகளை மரம் போன்ற படிநிலையில் அடுக்கியது. சார்லஸ் பாக்மனின் பணிகளிலிருந்து வளர்ந்த மற்றொரு வகை, தரவுகளைச் சுட்டிகளால் பிணைத்து வலையமைப்பாக வைத்தது. இரண்டிலும், வேண்டிய தரவு எங்கே உள்ளது, எந்த வழியாக அதைச் சென்றடைவது என்பதை நிரலாளரே அறிந்து எழுத வேண்டியிருந்தது. சேமிப்பு முறை மாறினால் நிரல்களையும் திருத்தி எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது.

இச்சிக்கலுக்குக் கோட் கணிதத்தில் தீர்வு கண்டார். 1969 இல் ஐ.பி.எம்மின் உள்சுற்று ஆய்வறிக்கை ஒன்றிலும், 1970 ஜூன் மாதம் அமெரிக்கக் கணினியியல் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையிலும் இவர் முன்வைத்த மாதிரியின் அடிப்படைகள் வருமாறு:

* தரவு முழுவதும் கணிதப் பொருளிலான உறவுகளாகவே அமையும். ஒவ்வோர் உறவும் நிரைகளின் கணம். கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெற இயலாது. உறுப்புகளுக்கு வரிசையும் இல்லை.
* ஒரு நிரையை அதன் மதிப்புகளைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்; சேமிப்பகத்தில் அது இருக்கும் இடத்தைக் கொண்டு அன்று.
* தேர்வு, வீழல், இணைப்பு முதலிய செயல்கள் உறவுகளை எடுத்துக்கொண்டு உறவுகளையே விடையாகத் தரும். ஆகவே ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம்.
* எது வேண்டும் என்பதைப் பயனர் கூறினால் போதும். அதை எவ்வாறு எடுப்பது என்பது கணினியின் பொறுப்பு.

கடைசிக் கருத்து மிக முக்கியமானது. இயற்கணிதத்தில் ஒரு கோவையை அதற்குச் சமமான மற்றொரு கோவையாக மாற்றுவது போல, ஒரு வினவலையும் விரைவாக இயங்கும் வேறொரு வடிவுக்கு மாற்ற முடியும். உகப்பாக்கி எனப்படும் நிரல் செய்வது இதையே. மாற்றத்தின் முன்னும் பின்னும் விடை ஒன்றே என்னும் உறுதியைத் தருவது கணக்கோட்பாடு.

தொடர்ந்து 1971 இல் ஆல்பா என்னும் வினவல் மொழியை இவர் முன்வைத்தார். இது பயனிலை ஏரணத்தை அடிப்படையாகக் கொண்டது. தரவுகள் தேவையின்றித் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைத் தவிர்க்கும் இயல்பாக்க வடிவங்களையும் இக்காலத்திலேயே வகுத்தார். ரேமண்ட் பாய்சுடன் இணைந்து இவர் உருவாக்கிய வடிவம் பாய்ஸ்–கோட் இயல்பு வடிவம் எனப்படுகிறது.

1974 இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் நடைபெற்ற கருத்தரங்கில், கோட் தரப்பினரும் பாக்மன் தரப்பினரும் தத்தம் மாதிரிகளுக்காக வாதிட்டனர். உறவுநிலை மாதிரி அழகியதாயினும் நடைமுறை வேகத்துக்கு ஒத்துவராது என்பதே அன்று பலரின் ஐயமாக இருந்தது.

சிஸ்டம் ஆர் திட்டமும் எஸ்.கியூ.எல் மொழியும்

ஐ.எம்.எஸ் மென்பொருளால் நல்ல வருவாய் ஈட்டி வந்த ஐ.பி.எம், இவரது கருத்தை வணிகப் பொருளாக்குவதில் விரைவு காட்டவில்லை. எனினும் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்னும் சோதனைத் திட்டம் 1970களின் நடுவில் நடைபெற்றது. அதே காலத்தில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்கிரஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். இங்கிரஸின் குவெல் மொழி, கோட்டின் ஆல்பா மொழியை ஒட்டியது.

சிஸ்டம் ஆர் குழுவினர் ஆல்பாவைக் கைக்கொள்ளவில்லை. டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974 இல் சீக்குவெல் என்னும் மொழியை வெளியிட்டனர். ஏரணக் குறியீடுகள் அறியாத பயனர்களும் எளிய ஆங்கிலச் சொற்களால் வினவ வேண்டும் என்பது அவர்களது நோக்கம். வணிகக்குறிச் சிக்கலால் இதன் பெயர் பின்னர் எஸ்.கியூ.எல் எனச் சுருக்கப்பட்டது. பாய்ஸ் அதே 1974 இல் இளம் வயதிலேயே காலமானார்.

ஆரக்கிள் நிறுவனத்தின் முன்னோடி 1979 இல் எஸ்.கியூ.எல் மொழியிலமைந்த வணிக மென்பொருளை வெளியிட்டது. ஐ.பி.எம் 1981 இல் எஸ்.கியூ.எல்/டி.எஸ், 1983 இல் டி.பி2 ஆகியவற்றை வெளியிட்டது. 1986 இல் அமெரிக்கத் தரநிலையாகவும், 1987 இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் எஸ்.கியூ.எல் ஏற்கப்பட்டது. ஆல்பாவும் குவெல்லும் வழக்கிழந்தன.

கோட்பாட்டிலிருந்து விலகல்கள்

1988 இல் டேட்டாமேஷன் இதழில் இரு பகுதிகளாக வெளிவந்த கட்டுரையில், எஸ்.கியூ.எல் மொழியில் தாம் கண்ட பெருங்குறைகள் மூன்றினைக் கோட் விளக்கினார். இரட்டிப்பு நிரைகள், ஒரே வினவலைப் பலவாறு எழுத நேரும் குழப்பம், மும்மதிப்பு ஏரணத்துக்குப் போதிய ஆதரவின்மை என்பன அவை.

இரட்டிப்பு நிரைகள்

எஸ்.கியூ.எல் அட்டவணையில் முற்றிலும் ஒரே மாதிரியான இரு நிரைகள் இருக்கலாம். வினவலின் விடையிலும் அவ்வாறே இருக்கலாம். டிஸ்டிங்ட் என வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே அவை நீக்கப்படும். ஆகவே எஸ்.கியூ.எல் அட்டவணை ஒரு கணம் அன்று, பல்கணம் ஆகும். இரட்டிப்புகளை நீக்க நிரைகளை வரிசைப்படுத்த வேண்டும் என்பதாலும், அக்காலக் கணினிகளில் அது செலவு மிக்கது என்பதாலும் இவ்வாறு விடப்பட்டது. ஊழியர்களின் சம்பளங்களைக் கூட்டுவது போன்ற வேளைகளில் சமமான மதிப்புகளை நீக்கிவிடக் கூடாது என்ற நடைமுறைத் தேவையும் காட்டப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் உறவை எல்லா நிரல்களும் பொருந்துமாறு அதனோடேயே இணைத்தால், கணக்கோட்பாட்டின்படி அதே உறவு கிடைக்கும். எனவே உகப்பாக்கி அவ்விணைப்பைத் தவிர்த்துவிடலாம். ஆனால் அட்டவணையில் ஒரே மாதிரியான 2 நிரைகள் இருந்தால் எஸ்.கியூ.எல் தரும் விடையில் 4 நிரைகள் இருக்கும். சுருக்கும் விதி இங்கே செல்லாது.

சில வகை எளிய வினவல்கள் இரண்டு ஒன்றுக்கொன்று சமமா எனக் கண்டறியும் முறையை 1977 இல் அசோக் சந்திராவும் பிலிப் மெர்லினும் கணங்களுக்கு நிறுவியிருந்தனர். பல்கணங்களுக்கு இம்முறை பொருந்தாது என்பதை 1993 இல் சுரஜித் சௌத்ரியும் மோஷே வார்டியும் விளக்கினர். கணங்களில் மிகையெனக் கருதி நீக்கத்தக்க ஒரு நிபந்தனையைப் பல்கணங்களில் நீக்கினால் விடையின் எண்ணிக்கை மாறிவிடக்கூடும். இதனாலேயே முதன்மைச் சாவி உள்ளதா, டிஸ்டிங்ட் கேட்கப்பட்டுள்ளதா என்பன போன்ற தகவல்களைச் சரிபார்த்த பின்னரே உகப்பாக்கி பல மாற்றங்களைச் செய்ய இயலும்.

ஒரே கேள்வி, பல வடிவம்

வினவலுக்குள் வினவலை அடக்கி எழுதுவது சீக்குவெல் மொழியின் சிறப்பாகக் கருதப்பட்டது. அதே கேள்வியை நேரடி இணைப்பாகவும் எழுதலாம். பொருள் ஒன்றாயினும் வடிவத்தைப் பொறுத்து இயங்கும் நேரம் பெரிதும் வேறுபட்டது. அப்படியானால் எவ்வாறு எடுப்பது என்ற சுமை மீண்டும் பயனர் தலையிலேயே ஏறுகிறது என்பது கோட்டின் குறை.

அடக்க வினவல்களை இணைப்புகளாக மாற்றும் முறையொன்றை 1982 இல் வோன் கிம் வெளியிட்டார். ஆனால் அதில் ஒரு பிழை மறைந்திருந்தது. பதிவேட்டிலுள்ள ஆட்தொகை உண்மையான பணியாளர் எண்ணிக்கைக்குச் சமமாக உள்ள துறைகள் எவை எனக் கேட்பதாகக் கொள்வோம். பணியாளரே இல்லாத, பதிவேட்டிலும் 0 என உள்ள துறை விடையில் வரவேண்டும். மாற்றிய வடிவிலோ அத்துறைக்கு இணையும் நிரை இல்லாததால் அது காணாமல் போகிறது. எண்ணிக்கைப் பிழை எனப் பெயர் பெற்ற இது 1980களின் நடுவில் கண்டறியப்பட்டு, 1987 இல் வெளியிணைப்பைக் கொண்டு திருத்தப்பட்டது. வேகத்திற்காகச் செய்யும் மாற்றம் விடையையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இது பாடநூல்களில் காட்டப்படும் சான்றாகும்.

வெற்றுக்குறி

தெரியாத மதிப்பைக் குறிக்க எஸ்.கியூ.எல் மொழி நல் என்னும் வெற்றுக்குறியைப் பயன்படுத்துகிறது. இதனோடு ஒப்பிட்டால் கிடைக்கும் விடை மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அறியப்படாதது என்னும் மூன்றாம் மதிப்பு ஆகும். இதனால் சம்பளம் 10,000க்கு மேல் அல்லது 10,000க்கு மிகாமல் உள்ளவர்கள் யார் எனக் கேட்டால், சம்பளம் குறிக்கப்படாத ஊழியர் எப்பக்கமும் சேராமல் விடுபடுவார்.

இதனினும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. நூல் எதுவும் இரவல் பெறாத மாணவர்களை அறிய, மாணவர் எண் இரவல் பட்டியலில் இல்லை என்ற நிபந்தனையை எழுதலாம். இரவல் பட்டியலில் ஒரே ஒரு நிரையில் மாணவர் எண் வெற்றுக்குறியாக இருந்தாலும் போதும்; ஒருவர் பெயரும் விடையில் வராது. ஒவ்வொரு மாணவரின் எண்ணும் அந்தத் தெரியாத எண்ணாக இருக்கக்கூடும் ஆதலால் நிபந்தனை எவருக்கும் மெய்யாவதில்லை. கணினி பிழைச்செய்தி எதுவும் தராது என்பதால் பயனர் தவறான முடிவுக்கு வர நேரிடும்.

மேலும், வடிகட்டும் நிபந்தனையில் அறியப்படாதது என்னும் மதிப்பு வந்தால் அந்நிரை தள்ளப்படுகிறது. ஆனால் தரவின் செம்மையைக் காக்கும் செக் கட்டுப்பாட்டில் அதே மதிப்பு வந்தால் நிரை ஏற்கப்படுகிறது.

வரிசை

உறவில் நிரைகளுக்கோ நிரல்களுக்கோ வரிசை இல்லை. எஸ்.கியூ.எல் அட்டவணையில் நிரல்கள் இடமிருந்து வலமாக வரிசையுடையவை. இரு அட்டவணைகளை ஒன்றாக்கும்போது நிரல்களின் பெயரைக் கருதாமல் இடத்தையே மொழி கருதுகிறது.

உகப்பாக்கியின் பங்கு

உறவுநிலை மாதிரி வேகமாக இயங்காது என்ற ஐயத்தைப் போக்கியதில் சிஸ்டம் ஆர் திட்டத்தின் உகப்பாக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. பட்ரீசியா செலிங்கர் தலைமையில் 1979 இல் வெளிவந்த கட்டுரை இதனை விளக்குகிறது. ஒரு வினவலை நிறைவேற்றப் பல வழிகள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் ஆகும் வட்டுப் படிப்புகளையும் கணிப்புச் செலவையும் மதிப்பிட்டுக் குறைந்த செலவுடைய வழியை அது தேர்ந்தெடுத்தது.

இம்மதிப்பீடு கோட்பாட்டிலிருந்து வருவதன்று; ஊகங்களிலிருந்து வருவது. போதிய புள்ளிவிவரம் இல்லாத இடத்தில், ஒரு சம நிபந்தனை பத்தில் ஒரு பங்கு நிரைகளைத் தேர்ந்தெடுக்கும் என அவ்வுகப்பாக்கி கருதியது. இரு நிபந்தனைகள் இருந்தால் அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு இரு பின்னங்களையும் பெருக்கியது. நகரத்தின் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் ஒரே வினவலில் வந்தால் இக்கணக்கு தவறிவிடும். ஏனெனில் குறியீட்டு எண் தெரிந்தாலே பெரும்பாலும் நகரமும் தெரிந்துவிடும். பின்வந்த பல உகப்பாக்கிகளும் இதே ஊகத்தை மரபாகப் பெற்றன.

உறவில் வரிசை இல்லை என்றாலும், இடைநிலை விடை எந்த வரிசையில் அமைகிறது என்பதை உகப்பாக்கி நினைவில் வைத்துக்கொள்கிறது. வரிசையாக அமைந்த விடை அடுத்த இணைப்பை எளிதாக்கும் என்பதே காரணம். இது கோட்பாட்டுக்கு முரணானது அன்று. பயனர் காணாத அடித்தளத்தில் நிகழும் வரை ஏற்கத்தக்கதே. ஆனால் உகப்பாக்கி தவறும்போது, எந்தச் சுட்டுவரிசையைப் பயன்படுத்த வேண்டும் என நிரலாளர் வினவலுக்குள்ளேயே குறிப்பு எழுதும் வழக்கம் பல மென்பொருள்களில் ஏற்பட்டது. இதன்மூலம் 1970க்கு முன் நிரலாளர் சுமந்த சுமையின் ஒரு பகுதி திரும்பி வந்தது எனலாம்.

பன்னிரு விதிகள்

1980களில் பழைய மென்பொருள்களையும் உறவுநிலை மென்பொருள் என்றே விளம்பரம் செய்யும் போக்கு பரவியது. இதனை எதிர்த்து, 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில் கோட் தமது விதிகளை வெளியிட்டார். பன்னிரு விதிகள் என அழைக்கப்பட்டாலும், 0 முதல் 12 வரை எண்ணிட்ட 13 விதிகள் அவற்றில் உள்ளன. சேமிப்பு முறை மாறினாலும் நிரல்கள் மாறக்கூடாது, வெற்றுக்குறியை முறையாகக் கையாள வேண்டும், தரவுச் செம்மைக் கட்டுப்பாடுகளைத் தரவுத்தளமே காக்க வேண்டும், குறுக்கு வழியில் அவற்றைத் தாண்டிச் செல்ல இடமிருக்கக் கூடாது என்பன அவற்றுட் சில.

இவ்விதிகளும் குறைகூறலுக்குத் தப்பவில்லை. கோட்பாட்டளவில் மாற்றத்தக்க எல்லாத் தோற்ற அட்டவணைகளையும் மென்பொருள் மாற்ற இயலவேண்டும் என்பது ஆறாம் விதி. எது மாற்றத்தக்கது எனத் தீர்மானிக்கும் பொதுவான செய்முறை இருக்க இயலாது என 1988 இல் எச். டபிள்யூ. பஃப் காட்டினார். ஆகவே அவ்விதியை எழுதியவாறே நிறைவேற்ற முடியாது.

கருத்து வேறுபாடுகள்

கோட்டின் கருத்துகளை நூல்கள் வாயிலாகப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கிறிஸ்டோபர் டேட். ஐ.பி.எம்மை விட்டு விலகிய பின்னர் கோட் இவருடன் இணைந்து ஆலோசனை நிறுவனம் நடத்தினார். எனினும் வெற்றுக்குறி பற்றி இருவரும் நேர்மாறான கருத்துடையவர்களாக இருந்தனர். வெற்றுக்குறி இன்றியமையாதது, அதை எஸ்.கியூ.எல் கையாளும் முறையே தவறு என்றார் கோட். மதிப்பு தெரியாமை, மதிப்பு பொருந்தாமை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகளை முன்மொழிந்து, ஏரணத்தை நான்கு மதிப்புகளுக்கும் விரித்தார். வெற்றுக்குறியே கூடாது, இருமதிப்பு ஏரணமே போதும் என்றார் டேட். டேட்டும் ஹியூ டார்வெனும் 1990களில் வெளியிட்ட மூன்றாம் அறிக்கை, எஸ்.கியூ.எல் மொழியை விடுத்து வெற்றுக்குறியும் இரட்டிப்பும் இல்லாத புதிய மொழிக்கு வழி வகுக்க முயன்றது.

1990 இல் வெளியான தமது நூலில் கோட் உறவுநிலை மாதிரியை 333 கூறுகளாக விரித்தெழுதினார். வணிக மென்பொருள்கள் இவற்றை முழுமையாகப் பின்பற்றவில்லை. 1993 இல் பகுப்பாய்வுத் தரவுத்தளங்களுக்கென இவர் வெளியிட்ட மற்றொரு விதித்தொகுப்பு, அத்துறை மென்பொருளை விற்ற நிறுவனம் ஒன்றின் நிதியுதவியுடன் எழுதப்பட்டது எனத் தெரியவந்தபோது சர்ச்சைக்குள்ளானது.

மறைவும் தாக்கமும்

கோட் 2003 ஏப்ரல் 18 அன்று புளோரிடா மாநிலத்தில் இதயச் செயலிழப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 79. தரவு மேலாண்மை ஆய்வுக்காக அமெரிக்கக் கணினியியல் கழகத்தின் சிறப்புக்குழு வழங்கும் புத்தாக்க விருதுக்கு 2004 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.

எஸ்.கியூ.எல் மொழியின் பிற்காலத் தரநிலைகள் இவர் சுட்டிய குறைகளிற் சிலவற்றைக் குறைத்தன. உகப்பாக்கிகளும் அடக்க வினவல்களை முன்னினும் நன்றாகக் கையாளத் தொடங்கின. எனினும் இரட்டிப்பு நிரைகளும் வெற்றுக்குறியும் நீக்கப்படவில்லை. அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் மிகப் பல. தரவுத்தளம் கற்கும் மாணவர்கள் ஒவ்வோர் அட்டவணைக்கும் முதன்மைச் சாவி வைத்தல், இயன்ற இடங்களில் வெற்றுக்குறியைத் தடை செய்தல், தேவையான இடத்தில் டிஸ்டிங்ட் இடுதல் ஆகிய பழக்கங்களால் கோட்பாட்டுக்கு நெருங்கி நிற்கலாம். அவ்வாறு அமைந்த அட்டவணைகளில், விடையை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றும் உரிமை உகப்பாக்கிக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது.